ஒற்றை மெஷினில் தைக்கும் அக்கா தங்கைகளுக்கு

திண்ணையிலோ, ஜன்னலோரத்திலோ, மாடிப்படிக்கு அடியிலோ ஒரே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு, அளவெடுப்பதிலிருந்து ஹூக் கட்டுவது வரைக்கும் தனியாளாகப் பார்க்கும் என் அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் இந்தக் கடிதம்.

ஆடி முடியப் போகிறது. ஆவணி முகூர்த்தத்துக்கான பட்டு ஜாக்கெட்டுகள் உங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்திருக்கும். அது ஓய்வதற்குள் தீபாவளித் துணி வந்துவிடும். அதற்குப் பிறகு நானும் நீங்களும் நிமிர்ந்து உட்காரவே நேரம் இருக்காது என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். சொல்ல வந்தது இதுதான்: நாம் செய்வது நம் தொழில். அதன் விலை, நாள், தப்பு, பெயர் எல்லாவற்றையும் நாமே கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். யாராவது வந்து நம்மிடம் ஒப்படைப்பார்கள் என்று காத்திருந்தால் ஆயுசு முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

நம்மில் பலரும் ஆசைப்பட்டு இதற்கு வரவில்லை. கைக்குழந்தையோடு வெளியே வேலைக்குப் போக முடியாமல் வந்தவர்கள் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போன பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் பழகிக்கொண்டு ஆரம்பித்தவர்கள் இருக்கிறோம். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுத்த மெஷின் வீட்டில் நின்றதே என்று கற்றுக்கொண்டவர்களும் உண்டு. மேடைகளில் பேசுகிறவர்கள், முதலில் உன் வாழ்வின் நோக்கத்தைக் கண்டுபிடி, பிறகு தொழில் தொடங்கு என்கிறார்கள். நான் பார்த்தவரையில் அது அப்படி நடப்பதில்லை. முதலில் வயிறும் பிள்ளைகளின் பீசும் நம்மை மெஷின் முன்னால் உட்கார வைக்கின்றன. எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பது கை பழகப் பழகத்தான் தெரிகிறது. தேவைக்காகத் தொடங்கினேன் என்று சொல்ல யாரும் கூச வேண்டாம். ஆனால் அந்தத் தேவையோடு நிறுத்திக்கொண்டால், கடன் தீர்ந்த மாதமே மெஷினுக்கு உறை போட்டு மூடத் தோன்றும். அப்படி மூடிய நல்ல கைகள் எத்தனையோ.

திருப்பூர் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது உடனே விளங்கும். அங்கே சிங்கரில் உட்கார்ந்தவர் கழுத்துப் பட்டியே தைத்துக்கொண்டிருப்பார். பவர் டேபிளில் உட்கார்ந்தவர் கை ஏற்றிக்கொண்டே இருப்பார். பிசிறு வெட்ட ஒருவர், செக்கிங்குக்கு ஒருவர். தப்பு வந்தால் பீஸ் திரும்பி வரும், கண்டுபிடிக்க ஆள் உண்டு. அந்தச் சட்டையை எந்த நாட்டில் யார் போடப் போகிறார் என்று தைத்தவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல லட்சம் குடும்பங்கள் அதில்தான் சாப்பிடுகின்றன. நம் வேலை வேறு மாதிரியானது என்றுதான் சொல்கிறேன். நமக்குச் செக்கிங் இல்லை. சூப்பர்வைசர் இல்லை. துணி நம் கைக்கு வந்ததிலிருந்து அந்த அம்மா உடம்பில் ஏறும் வரை நடப்பது அத்தனையும் நம் கண்ணுக்கும் மனசுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜாக்கெட்டின் உள்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சைடில் ஒரு இஞ்ச் துணி உள்ளே விட்டுத் தைக்கிறோம். கொடுக்கும் அன்று அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அரை இஞ்ச் விட்டாலும் வெளித்தோற்றம் ஒன்றுதான், வெட்டுவதும் சுலபம். ஆனால் அந்தப் பெண் மறுவருஷம் பிள்ளை பெற்று, உடம்பு கொஞ்சம் பூசி, சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்கோ மச்சினர் கல்யாணத்துக்கோ அதே பட்டுச் சேலையை எடுக்கும்போது, உள்ளே விட்ட துணி இருந்தால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் சேலையோடு வந்த அந்த ஜாக்கெட் பிட் போனது போனதுதான். அதே சாயத்தில், அதே பார்டரில் இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு வருஷம் கழித்து வரப்போகும் அந்த நாளை நினைத்து இன்றைக்கு உள்ளே துணி விடுகிறோமே, நோக்கம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் நமக்கு மட்டுமே தெரியும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி வருகிறவர்களுக்கு ஜாக்கெட் தைத்தவர்கள் நம்மில் இருக்கிறோம். ஒரு பக்கம் டாட் பிடிக்கக் கூடாது. உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் பை வைத்துத் தைத்து, பஞ்சோ பேடோ வைத்துக்கொள்ள வசதி செய்ய வேண்டும். கழுத்தை ஏற்றி வெட்ட வேண்டும். அக்குள் பக்கம் தழும்பில் தையல் உரசாமல் பார்க்க வேண்டும். கை வீங்கியிருந்தால் அந்த ஒரு கையை மட்டும் தளர்த்தி வெட்ட வேண்டும். ரெடிமேட் கடையில் இதைக் கேட்க முடியாது. சிலரால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. பழைய அளவு ஜாக்கெட்டை நீட்டிவிட்டு, "கொஞ்சம் பாத்துத் தைங்கக்கா" என்று மட்டும் சொல்வார்கள். அதிலிருந்தே புரிந்துகொண்டு, கதவைச் சாத்திவிட்டு அளவெடுத்து, வெளியில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் தைத்துக் கொடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. அந்தப் பெண் மறுபடி ஒரு விசேஷ வீட்டுக்குப் போய் எல்லோரோடும் உட்கார நம் தையலும் ஒரு காரணம். இதைச் செய்கிறவர்கள் தாங்கள் வீட்டில் சும்மா இருப்பதாகச் சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதனால்தான் அளவு நோட்டைப் பற்றி வற்புறுத்துகிறேன். அளவு ஜாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். அது மூன்று வருஷத்துக்கு முந்தைய உடம்பாக இருக்கும், துவைத்துத் துவைத்துச் சுருங்கியும் இருக்கும். உயரம், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, ஷோல்டர், ஆம்ஹோல், கை நீளம், கைச் சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று ஆளுக்கு ஒரு பக்கம், தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது பழைய அளவுக்குக் கீழே புதிய அளவை எழுதுங்கள். ஓரத்தில் 'வலது தோள் கொஞ்சம் இறக்கம்', 'கழுத்து இறக்கினால் பிடிக்காது' என்று உங்கள் கண்ணில் பட்டதைக் குறித்துவையுங்கள். பத்து வருஷம் இப்படி எழுதிய நோட்டு உங்கள் மெஷினைவிட மதிப்புள்ள சொத்து. மெஷினைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்.

தப்பைப் பற்றியும் பேசிவிட வேண்டும். கத்தரி ஒரு கணம் வழுக்கும். பட்டு பிட்டில் கழுத்து ஒரு இஞ்ச் அதிகம் இறங்கிவிடும், அல்லது பார்டரை இரண்டு கைக்கும் மாற்றி வெட்டிவிடுவோம். தனியாகத் தொழில் செய்கிறவரின் குணம் தெரிவது அந்த இடத்தில்தான். ஒட்டுப் போட்டு மறைத்துக் கொடுத்து, அவர் கண்டுபிடிக்கட்டும் என்று விடலாம். துணி குறைவாகத்தான் இருந்தது என்று வந்தவர் மேலேயே பழியைப் போடலாம். இல்லையென்றால் அன்றைக்கே போன் போட்டு, "இப்படி ஆயிருச்சு, நான் இப்படிச் சரி பண்ணப் போறேன், இல்ல வேற துணி என் செலவுல எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிடலாம். கடைசியாகச் சொன்னதைச் செய்கிறவர்களுக்கு அந்த மாதம் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனியில் தப்பானால் கம்பெனி தாங்கும், இங்கே நாம்தான் கம்பெனி. அவர் பார்ப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் அவர் கோபப்படுவார், அப்புறம் திரும்ப வருவார். தானாகக் கண்டுபிடித்தவர் வரமாட்டார்.

நாள் சொல்வதும் இதே சேர்த்திதான். டெய்லர் என்றால் சொன்ன நாளில் தரமாட்டார் என்று ஊரே பேசுகிறது. அந்தப் பேச்சு மாற வேண்டும் என்றால் தீபாவளிக்குப் பத்து நாளுக்கு முன்னால் வரும் துணியை வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை லைனிங் ஜாக்கெட் முடிக்க முடியும் என்பது நமக்குத் தெரியும். வீட்டு வேலை, பிள்ளைகள் பரீட்சை, மின்வெட்டு எல்லாம் கழித்து, எஞ்சிய நாட்களால் பெருக்கிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை நிரம்பிய அன்று, ஆர்டர் முடிந்தது என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். முதல் வருஷம் நாலு பேர் முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்த வருஷம் அவர்களே ஆடியில் துணியோடு வருவார்கள்.

இனி காசு. இங்கேதான் நாம் நம்மையே அதிகம் ஏமாற்றிக்கொள்கிறோம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு, லைனிங்கும் சேர்த்து, 300 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லைனிங் துணி 70. நூல், ஹூக், கேன்வாஸ், ஊசி என்று 15. கரண்டுக்கும், மெஷின் சர்வீஸுக்கும், மோட்டார் தேய்மானத்துக்கும் இன்னொரு 15. மீதி 200. அளவெடுக்க, வெட்ட, லைனிங் சேர்க்க, தைக்க, எம்மிங் பண்ண, ஹூக் கட்ட, அயர்ன் போட, வந்தவரிடம் நின்று பேச, பிடிக்கிறது என்று வந்தால் பிரித்துக் கொடுக்க, எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம். ஆக மணிக்கு 50 ரூபாய். எட்டு மணி நேரம் முதுகு வலிக்க உட்கார்ந்தால் 400. பல ஊர்களில் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் அதைவிட அதிகம் வாங்குகிறார். இவை என் உதாரணத்துக்கான எண்கள்தான், உங்கள் ஊர் எண்ணைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். கூலியைப் பக்கத்துத் தெருவில் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு அதில் இருபது குறைத்துச் சொல்வதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. பக்கத்துத் தெருக்காரரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை.

சொந்தக்காரர்களிடம் கூலி கேட்க நாக்கு எழுவதில்லை என்பது எனக்கும் தெரியும். நாத்தனாருக்கும் சித்திக்கும் அன்பாக ஒன்று தைத்துக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. அதையும் நோட்டில் எழுதி, கூலி என்ற இடத்தில் 'அன்பளிப்பு' என்று போடுங்கள். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் நாம் எவ்வளவு அன்பளித்திருக்கிறோம் என்று தெரியும். அதன் பிறகு எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பது உங்கள் முடிவு. அந்த முடிவை எடுக்க எண் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை யார் பெயரில் இருக்கிறது? நான் போன பல வீடுகளில் அது வீட்டுக்காரர் கணக்கிலோ மகன் கணக்கிலோ இருக்கிறது. போன் அவர்களிடம் இருக்கிறது, பேங்க் வேலை அவர்களுக்குத் தெரியும் என்று காரணம் சொல்வார்கள். நல்ல மனுஷர்களாகவே இருக்கலாம். ஆனாலும் பணம் வந்து விழும்போது சத்தம் கேட்பது வேறு யாரோ ஒருவரின் பாக்கெட்டில். மாதம் எவ்வளவு வந்தது என்று தெரிய அவரைக் கேட்க வேண்டும். நாளைக்கு வங்கியில் கடன் கேட்டுப் போனால், உங்கள் பெயரில் வரவு செலவே இல்லை என்பார்கள். பத்து வருஷம் நீங்கள் உழைத்தது இன்னொருவரின் பாஸ்புக்கில் வரவாக இருக்கும். உங்கள் பெயரில் ஒரு கணக்கு, உங்கள் போனில் ஒரு க்யூஆர். இந்த ஆவணிக்குள் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

நம்மைத் தொழிலாளி என்றே உலகம் ஒத்துக்கொள்ளாத காலம் ஒன்று இருந்தது. அகமதாபாத்தில் தலைச்சுமை தூக்குகிறவர்கள், பழைய துணி விற்கிறவர்கள், மில் கழிவுத் துணியை ஒட்டுப்போட்டு மெத்தை விரிப்பு தைக்கிறவர்கள் என்று தனித்தனியாகப் பிழைத்த பெண்களைச் சேர்த்து எலா பட் ஒரு தொழிற்சங்கம் தொடங்கினார். சேவா என்று பெயர். பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறை மறுத்தது. உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் வைக்கப் போகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டுமா சங்கம், நாங்கள் ஒன்றாக இருப்பதற்கும்தான் என்று வாதாடி 1972 ஏப்ரலில் பதிவை வாங்கினார்கள். வங்கிகள் இந்தப் பெண்களை வாசலில் நிறுத்தின. 1974-இல் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். நம் சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-இல் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கியதும் இதே போன்ற சிறுதொழில் பெண்களுக்காகத்தான். முதலாளி இல்லாதவளுக்கும் தொழில் உண்டு, உரிமை உண்டு என்பதை இவர்கள் வாதாடி வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்படி வாங்கியது நம் பக்கத்திலேயே கிடக்க, நாம் போய் எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென்றே நல வாரியம் இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வயது வரை உள்ளவர்கள் உறுப்பினராகலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. கடைக்காரர் கையெழுத்துக்கு யாரிடம் போவது என்று தயங்க வேண்டாம், சொந்தமாகத் தைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வாரியம். தொழில் பதிவுக்கு 2020 ஜூலையிலிருந்து உத்யம் இருக்கிறது. அதற்குக் கட்டணமே கிடையாது. இணைய மையத்தில் பெரிய தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முத்ரா கடனில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கவோ, கால் மிதி மெஷினிலிருந்து பவர் மெஷினுக்கு மாறவோ அது போதும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கும் நாளில் உங்கள் பெயரில் ஒரு தொழில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் தைப்பவரைப் போட்டியாகப் பார்ப்பதை விடுங்கள். அவரும் இரவு பதினொரு மணிக்கு ஒற்றை பல்பு வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கூலிப் பட்டியல் எழுதிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஆரி வேலை வரும், ஒருவருக்குக் கிராஸ் கட் நன்றாக வரும், ஒருவர் பிள்ளைகள் துணியில் கெட்டிக்காரர். ஆர்டரை மாற்றி மாற்றி அனுப்பலாம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் வாக்குக் கொடுத்த கல்யாண ஜாக்கெட்டை இன்னொருவர் முடித்துக் கொடுக்கலாம். உடம்பையும் பாருங்கள். தனியாளுக்கு மாற்றாள் கிடையாது. கழுத்து வலியையும் கண் எரிச்சலையும் சீசன் முடியட்டும் என்று தள்ளாமல், வருஷத்துக்கு ஒரு முறையாவது கண்ணைக் காட்டிவிடுங்கள். அந்தச் செலவையும் கூலிக் கணக்கில் சேருங்கள். அது தொழில் செலவுதான்.

கடைசியாக, ஒரு வேலை வைக்கிறேன். 2011-க்குப் பிறகு நடக்காமல் இருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் கணக்கு நாளாக வைத்து நடக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் வீட்டில் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்பார். போன முறை வேலை செய்யாதவர்களுக்கான பதில்களில் வீட்டு வேலை என்று ஒரு கட்டமும், வேலை செய்கிறவர்களில் தனியாகத் தொழில் செய்பவர் என்று ஒரு கட்டமும் இருந்தன. அன்றைக்கு வாசலில் நின்று பதில் சொன்ன வீட்டுக்காரர்களும் மாமனார்களும், உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்க, "அவங்க வீட்லதான் இருக்காங்க" என்று முதல் கட்டத்தில் எத்தனை பேரைப் போட்டார்களோ. இந்த முறை அப்படி ஆகக் கூடாது. கணக்கெடுப்பாளர் வருவதற்கு முன்னாலேயே வீட்டில் சொல்லி வையுங்கள். முடிந்தால் நீங்களே வாசலுக்கு வாருங்கள். என்ன வேலை என்று கேட்டால் தையல் தொழில் என்று சொல்லுங்கள். யாரிடம் என்று கேட்டால், சொந்தமாக என்று சொல்லுங்கள். வருஷத்தில் எத்தனை மாதம் என்று கேட்டால் உங்கள் ஆர்டர் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் எழுதி முடிக்கும் வரை அங்கேயே நின்று, என்ன எழுதினார் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களோடு தைக்கும் ஒருத்தி